கவச வண்டியில் ஓட்டுநர் எங்கே உட்காருவார்

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் கற்றவர்கள். மீதிப் பேர் வேறு யாரிடமோ கற்று, எங்காவது கொண்டுபோய் இடித்துவிட்டு, அதன் பிறகு அவளிடம் வந்தவர்கள்.

பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் வைத்த காலை அவள் எடுத்ததே இல்லை என்பதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் பயிற்சிப் பள்ளி முதலாளியே ஒரு கணம் விழிப்பார்.

வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், பெரிய சண்டை சச்சரவில்லாமல் பிரிந்து வந்தவள். அதைப் பற்றி யாராவது துருவினால், "முட்டுச்சந்துன்னு தெரிஞ்சுது, ரிவர்ஸ் எடுத்துட்டேன்" என்பாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது. தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். வேலை நேரம் போக அவனுக்கு ஒரே பைத்தியம், மேசைமேல் நடத்தும் போர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசை போர்க்களமாகிவிடும். பச்சைத் துணியை விரித்து, அடியில் புத்தகங்களைச் செருகினால் மலை. நீலக் காகிதம் ஆறு. அட்டையில் வெட்டிய வீடுகள், பஞ்சு ஒட்டிய மரங்கள், நக அளவே இருக்கும் படைவீரர்கள், தீப்பெட்டி அளவில் கவச வண்டிகள், பீரங்கி வண்டிகள். எல்லாம் தம்பி கையால் வண்ணம் தீட்டியவை. எதிர்ப்பக்கம் விளையாட ஒரு பல் டாக்டரும், அச்சகம் வைத்திருக்கும் ஒருவரும் வருவார்கள். அளவுகோலை வைத்து அளந்து வண்டியை நகர்த்துவார்கள், பகடையை உருட்டிச் சுடுவார்கள், குண்டு பட்டதா படவில்லையா என்று மதியம்வரை மல்லுக்கு நிற்பார்கள்.

அக்காவுக்கு அதில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டீயைக் கொண்டுவந்து மலைமேல் வைத்துவிட்டுத் திட்டு வாங்குவதோடு சரி. ஒருநாள் அப்படி டீ கொடுக்க வந்தவள், பல் டாக்டர் ஒரு கவச வண்டியை இரண்டு அட்டை வீடுகளுக்கு நடுவில் திருப்புவதைப் பார்த்துவிட்டாள்.

"டாக்டர், இந்த வண்டி இந்தச் சந்துல திரும்பாது."

"திரும்பலாம் அக்கா, விதிப் புத்தகத்துல போட்டிருக்கு. பாருங்க."

"புத்தகம் விடும். சந்து விடணுமே!"

அச்சகக்காரர் சிரித்த சிரிப்பில் ஆற்றங்கரை மரங்கள் சாய்ந்தன. தம்பி போய் ஒரு பழைய படத் தொகுப்பை எடுத்து வந்து, உண்மையான வண்டியின் நீள அகலத்தைப் பார்த்து, அட்டை வீடுகளோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டான். வண்டி திரும்பும், ஆனால் ஒரு வீட்டின் சுவரைப் பெயர்த்துக்கொண்டுதான். பல் டாக்டர் அதையும் விடவில்லை. "சரி, சுவரப் பெயர்த்துக்கிட்டே திரும்பறேன்" என்றார். "அப்ப ஓட்டறவனுக்கு வெளிய என்ன தெரியும்? எங்க பார்த்து ஓட்டுவான்?" என்று அக்கா கேட்டாள். மூன்று ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தனை வருஷமாக விளையாடியும் அந்தக் கேள்வி யாருக்கும் எழவில்லை. அன்றிலிருந்து அக்காதான் அந்த மேசைக்கு நடுவர்.

கேள்வியைக் கேட்டவளுக்கே பதில் தெரியாததுதான் வேடிக்கை. அது அவளை அரித்தது. அவள் பயிற்சி கொடுக்கும் திடலின் ஓரத்தில், சிமென்ட் மேடைமேல், படை ஒதுக்கித் தள்ளிய பழைய கவச வண்டி ஒன்று பல வருஷமாக நின்றுகொண்டிருந்தது. வீரர்களை ஏற்றிச் செல்லும் வகை. சக்கரத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலிப் பட்டை போட்டது. அதைச் சுற்றிச் சுற்றித்தான் அவளிடம் கற்பவர்கள் ரிவர்ஸ் எடுப்பார்கள். காவலாளியின் மருமகள் அவளிடம் கார் ஓட்டக் கற்றவள். அந்தச் செல்வாக்கில் பூட்டைத் திறக்க வைத்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள்.

முதல் வீடியோ அப்படித்தான் எடுத்தார்கள். முன்பக்கம் இடது மூலையில் ஓட்டுநர் இருக்கை. வலது பக்கம் முழுக்க இன்ஜின் அடைத்துக்கொண்டிருந்தது. அக்கா உட்கார்ந்து தலைக்கு மேல் இருந்த மூடியைச் சாத்திக்கொண்டாள். கண்ணெதிரே வரிசையாகச் சின்னச் சின்னப் பார்வைக் கண்ணாடிகள். அவற்றில் இரண்டு மங்கிப்போயிருந்தன. தம்பி தலையில் ஒரு சிவப்பு வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடக்க, உள்ளேயிருந்து அவள் கத்திக்கொண்டே வந்தாள். "தெரியற... தெரியற... போயிட்ட! டேய், எங்கடா இருக்க?" அவன் வண்டிக்கு வலது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். "இந்தப் பக்கம் ஒரு ஊரே திரண்டு வந்து நின்னாலும் எனக்குத் தெரியாது" என்று கேமராவைப் பார்த்து அவள் சொன்னாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், வீரர்கள் உட்காரும் இடத்துக்கு ஊர்ந்து போக ஒரு இடுக்கு இருந்தது. அதையும் செய்து காட்டுகிறேன் என்று புறப்பட்டவள் இடுப்பளவில் சிக்கிக்கொண்டாள். இழுத்தெடுத்த தம்பி அந்தக் காட்சியை வெட்டவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றான்.

'ஓட்டுநர் இருக்கையிலிருந்து' என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றினார்கள். கொஞ்ச காலம் ஈ ஓட்டினார்கள். பிறகு எங்கிருந்தோ மேசைப் போர்க்காரர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். வண்டி எவ்வளவு சரிவில் ஏறும், சகதியில் என்ன ஆகும், பாலத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் யார் பின்னால் போக வேண்டும் என்று கேட்டுத் தள்ளினார்கள். இன்னொரு கூட்டமும் வந்தது. அவர்கள் பொம்மைகூட இல்லாமல், ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, வாயாலேயே கதையை நடத்தி விளையாடுகிறவர்கள். 'நான் இந்த வண்டியில் ஓட்டுநர். என் மூக்கில் என்ன வாசனை அடிக்கும்? பின்னால் இருப்பவர் பேசுவது காதில் விழுமா?' என்று அவர்கள் கேட்டார்கள். அக்காவுக்கு அந்தக் கூட்டத்தைத்தான் அதிகம் பிடித்தது. ஓட்டக் கற்றுக்கொள்பவர்களிடம் அவள் மன்றாடுவதும் அதையேதான். கண்ணாடிக்கு வெளியே பார்ப்பதற்கு முன்னால், நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று உணர்ந்துகொள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாள். திடலிலும் அருங்காட்சியகத்திலும் நிற்கும் பழைய வண்டிகள், கடையில் யாரும் வாங்கக்கூடிய புத்தகங்கள், இவற்றைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டாள். "இப்ப ஓடிட்டிருக்கற வண்டியப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க. அதுக்குள்ள ஆள் இருக்கு" என்று ஒரு வீடியோவில் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

'தங்கச்சி, நான் விளையாடறவ இல்ல. என் மகன் இந்த மாதிரி வண்டி ஓட்டறான்னு மட்டும் தெரியும். ரகசியம் எதுவும் வேண்டாம். அவன் எங்க உக்காருவான்? சங்கிலி போட்ட வண்டிக்கு ஸ்டியரிங் உண்டா?'

அக்கா அதை இரண்டு மூன்று தடவை படித்தாள். பதில் எழுத உட்கார்ந்து, எழுதி எழுதி அழித்து, கடைசியில் தன் தொலைபேசி எண்ணைத் தனியாக அனுப்பினாள்.

மறுநாள் மதியம் அழைப்பு வந்தது. பின்னணியில் பெரிய பெரிய இயந்திரங்கள் உறுமும் சத்தம், ஆவி சீறும் சத்தம். அந்த அம்மா வேறொரு ஊரில், ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறவர்.

"தங்கச்சி, நான்தான். ஒரு நிமிஷம்... ஏய், அந்தப் போர்வைய வெள்ளையோட போடாத! சாயம் இறங்கும்! ஆங், சொல்லு தங்கச்சி."

ஊரே அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு, வெகுநாளைக்குப் பிறகு ஒருத்தரை அக்கா என்று கூப்பிட வாய்த்தது.

"அக்கா, அந்தப் பழைய வண்டியில ஸ்டியரிங் கிடையாது. ரெண்டு லீவர். இடது கையால இழுத்தா இடது பக்கம் திரும்பும். முன்னாடி இடது மூலையில தனியா உக்காருவாங்க. உங்க பையன் ஓட்டறது எதுன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்."

"தனியாவா? பக்கத்துல யாரும் இல்லையா?"

"பக்கத்துல இன்ஜின்தான். ஆனா பின்னாடி ஆளுங்க இருப்பாங்க. பேசிக்க காதுல மாட்டிப்பாங்க."



"அவன் பேசவே மாட்டேங்கறான் தங்கச்சி. வாரம் தவறாம கூப்பிடுவான். நல்லா இருக்கேம்மா, சாப்ட்டேம்மா, வெச்சிடவாம்மா. அவ்வளவுதான். நானும் என்ன கேப்பேன்? சாப்ட்டியான்னு கேப்பேன். அதத் தவிர எனக்குக் கேக்க என்ன தெரியும்? அவன் எங்க இருக்கான்னே தெரியாம அவனோட என்னத்தப் பேச?"

அக்கா யோசித்தாள். "அடுத்த தடவ கூப்பிட்டா, சீட்ட ஏத்தி வெச்சு ஓட்டறது பிடிக்குமா, இறக்கி வெச்சு ஓட்டறது பிடிக்குமான்னு கேளுங்க."

"அதுல என்ன இருக்கு?"

"ஏத்தினா தலை வெளிய இருக்கும், காத்து வரும், தூசும் வரும். இறக்கினா மூடியச் சாத்திக்கிட்டு கண்ணாடி வழியா பார்த்து ஓட்டணும். இது ஓட்டறவங்களுக்கு மட்டும்தான் புரியும்."

அடுத்த வாரம் சலவைக்கூட அம்மாவே கூப்பிட்டார். குரலில் தலைகால் புரியாத சந்தோஷம்.

"கேட்டேன் தங்கச்சி! அரை நிமிஷம் சத்தமே இல்ல, லைன் அறுந்துபோச்சுன்னு நெனச்சேன். அப்புறம், 'யாரும்மா உனக்குச் சொன்னது?'ன்னான். அதெல்லாம் உனக்கெதுக்கு, பதில் சொல்லுடான்னேன். ஏத்தி வெச்சா பல்லு நிறைய மண்ணாம், இறக்கி வெச்சா கழுத்து பிடிச்சுக்குதாம். தினமும் எவ்வளவு தூசு திங்கறான்னு கணக்குச் சொல்றான்! பக்கத்துல தூங்கறவங்க சத்தம் போடற வரைக்கும் பேசினான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அம்மாவுக்கு ஒரு கேள்வி தேவைப்பட்டது. அக்காவும் தயாராக வைத்திருந்தாள். மழை பெய்தால் கண்ணாடியை யார் துடைப்பார்கள்? பின்னால் இருப்பவர்கள் தூங்குவார்களா? பிரேக் போட்டால் திட்டுவார்களா? பதில்களை அம்மா சொல்லச் சொல்ல, அக்கா கேட்டுச் சிரிப்பாளே தவிர ஒன்றையும் வீடியோவில் சேர்க்க மாட்டாள். அது அம்மாவும் மகனும் பேசியது.

ஆனால் மேசையில் ஒரு சிக்கல் முளைத்தது. ஒரு ஞாயிறு பல் டாக்டர் அருமையாக உருட்டினார். அவருடைய பீரங்கி தம்பியின் கவச வண்டியை அடித்தது. விதிப்படி வண்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். தம்பி கையை நீட்டினான்.

"நில்லு. உள்ள இருந்தவங்க?" என்றாள் அக்கா.

"வண்டியோட போச்சுக்கா."

"எல்லாருமா? யார் யார் எந்தப் பக்கமா வெளிய வருவாங்கன்னு பாக்காம நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்."

பல் டாக்டருக்கு வெற்றி கைநழுவுகிற வருத்தம். "அக்கா, இது விளையாட்டுதானே!"

"விளையாட்டுதான். அதான் ஒழுங்கா விளையாடுங்கறேன். நீங்க பல்லைப் பிடுங்கினா ஆளையுமா சேத்துத் தூக்கிப் போடறீங்க?"

அச்சகக்காரர் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பேசிப் பேசிப் புது விதி ஒன்றை உருவாக்கினார்கள். வண்டி அடிபட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை. பின்கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில் உருட்டுவார். ஓட்டுநர் கடைசி; மேல் மூடியா, பின் இடுக்கா என்று அவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். விளையாட்டு மெதுவாகும் என்று பல் டாக்டர் முணுமுணுத்தார். கடைசியில் அந்த நக அளவு ஓட்டுநருக்காகத் தம்பி பகடையை உருட்டியபோது, எல்லோருக்கும் முன்னால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றவர் அவர்தான். ஆள் வெளியே வந்துவிட்டான் என்றதும் எதிரணிக்காரரே கை தட்டினார்.

அந்த விதியைப் பற்றிய வீடியோதான் அவர்கள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது. அதை ஏற்றுவதற்கு முன் அக்கா சலவைக்கூட அம்மாவிடம் கேட்டாள், குண்டு, அடி என்று பேசுவது அவருக்குக் கஷ்டமாக இருக்குமா என்று.

"தங்கச்சி, அவன் அதுக்குள்ள உக்காந்திருக்கான்னு நெனச்சு எனக்குத்தான் தூக்கம் போகுது. மத்தவங்க எல்லாம் சும்மாதான இருக்காங்க. நீங்க நாலு பேராவது அவன் எப்படி வெளிய வருவான்னு உக்காந்து யோசிக்கறீங்க. போடு."

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை அக்கா, இரண்டு தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்ற வங்கி ஊழியர் ஒருவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பாட நேரத்தில் போனை எடுக்கவே மாட்டாள். அது விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தவள், "ஓரமா நிறுத்துங்க" என்றாள். அவள் குரல் மாறியதைக் கேட்டே வங்கி ஊழியர் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டினார்.

"டிவியில சொல்றாங்க தங்கச்சி." அம்மாவின் குரல் மூச்சுக்கு நடுவில் வந்தது. "பயிற்சியில ஆத்தக் கடக்கும்போது ஒரு வண்டி கவுந்துடுச்சாம். அவன் இருக்கற பக்கந்தான். பேர் சொல்ல மாட்டேங்கறாங்க. அவன் போன் அணைஞ்சு கிடக்கு. தங்கச்சி, கவுந்தா அந்த மேல் மூடி திறக்குமா?"

 திறக்கும் என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் இரண்டு நிமிஷம் நிற்கும். எல்லா வீடியோவையும் பார்த்திருக்கும் அம்மா அவர்; யோசித்தால் தெரிந்துவிடும், பிறகு அக்கா சொல்லும் வேறு எதையும் நம்ப மாட்டார்.

"எல்லா வண்டியும் ஒரே மாதிரி இல்ல அக்கா. எனக்குத் தெரிஞ்சது அந்தப் பழைய வண்டிதான். அது முழுசா கவுந்தா மேல் மூடி திறக்காது. ஆனா அது மட்டும் வழி இல்ல. சீட்டுக்குப் பின்னாடி ஒரு இடுக்கு இருக்கே."

"நீ மாட்டிக்கிட்டியே, அந்த இடமா?"

"நான் மாட்டினது என் உடம்பு வாகுக்கு. உங்க பையன் எப்படி இருப்பான்?"

"ஒல்லி. ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான்."

"அப்ப அது அவனுக்கு வழிதான். அதுல பின்னாடி வந்தா கதவு. இத அவங்களுக்குக் கண்ணக் கட்டி விட்டாக்கூட செய்யற மாதிரி பழக்கியிருப்பாங்க அக்கா. அவன் எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது. வழி இருக்கு. அது மட்டும் எனக்குத் தெரியும்."

 அம்மா போனை வைக்கவில்லை. இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, அந்தப் பக்கம் சலவைக்கூடமே நிசப்தமாக இருந்தது. "இடுக்கு, அப்புறம் கதவு" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டது. அக்காவும் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். வங்கி ஊழியர் இன்ஜினை அணைத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தன் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

சாயங்காலம் ஆவதற்குள் சேதி வந்துவிட்டது. கவிழ்ந்தது மகன் ஓட்டிய வண்டிதான். தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்திருந்தது, நிறையச் சேற்றுத் தண்ணீர் குடித்திருந்தான். உள்ளே இருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அம்மா அதைச் சொல்லிவிட்டு, "பின் வழியாத்தான் தங்கச்சி!" என்று ஒரு கத்து கத்தினார். அக்கா மேல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். தம்பி கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, டீ போடட்டுமா?" என்று மட்டும் கேட்டான். அவன் டீ போட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

விடுப்பு கிடைத்ததும் அம்மாவும் மகனும் பேருந்து ஏறி வந்தார்கள். அது ஒரு ஞாயிறு. மேசையில் போர் பாதியில் நின்றது. அம்மா, போனில் கேட்ட குரலுக்குப் பாதி உயரம்கூட இல்லை. மகன் கையைத் தொட்டிலில் போட்டமாதிரி கழுத்தில் கட்டிக்கொண்டு, ஒட்டடைக்குச்சி என்பதற்குப் பொருத்தமாக வாசலில் குனிந்து நுழைந்தான். வணக்கம் சொன்னான். சாப்பிட்டாயா என்றதற்கு, "சாப்ட்டேன் அக்கா" என்றான். அதோடு வாயை மூடிக்கொண்டான்.

அம்மா அக்காவைப் பார்த்து, 'பார்த்தியா' என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

சற்று நேரம் கழித்து அவன் மேசைப் பக்கம் போனான். குனிந்து மலையைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். நல்ல கையால் ஒரு குட்டிக் கவச வண்டியை எடுத்தான்.

"ஒண்ணு சொல்லணும் அக்கா. உங்க வீடியோ பார்த்துத்தான் ஆத்துல கவுந்தவங்க தப்பிச்சாங்கன்னு சில பேர் கீழ எழுதியிருக்காங்க. அது இல்ல. அது எங்களுக்குப் பழக்கினதுதான். நான் உங்க வீடியோவ ஆஸ்பத்திரியிலதான் முதல்ல பார்த்தேன்."

"அப்பாடா," என்றாள் அக்கா. "அதப் படிச்சுப் படிச்சு எனக்குக் கூச்சமா இருந்துச்சு. நீயே சொல்லிட்ட."

"ஆனா உங்க விதியில ஒரு தப்பு இருக்கு."

பல் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஆளுக்கு ஒரு பகடைன்னு வெச்சிருக்கீங்க. அவனவன் அவனவனா வெளிய வர்ற மாதிரி." அவன் குட்டி வண்டியை நீலக் காகிதத்தின்மேல் கவிழ்த்து வைத்தான். "இப்படித்தான் கிடந்தோம். இருட்டு. எது மேல, எது கீழன்னு தெரியல. தண்ணி காதுவரைக்கும் வந்துடுச்சு. எலும்பு உடைஞ்சது எனக்கு அப்பத் தெரியாது, இந்தக் கை ஏன் வரமாட்டேங்குதுன்னு அதுமேல கோவமா இருந்தேன். இடுக்குக்குள்ள பாதி போனதும் நின்னுட்டேன். அதுக்கு மேல முடியல. பின்னாடி இருந்தவன் கதவுகிட்ட போயிட்டான், வெளிய குதிச்சிருக்கலாம். அவன் திரும்பி வந்து என் காலரப் பிடிச்சு இழுத்தான். அவனோட பெல்ட்ட இன்னொருத்தன் பிடிச்சிருந்தான். தனியா யாரும் வெளிய வரல அக்கா."

 அம்மா சுவரோரம் டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவன் சொல்லாத கதை அது. இப்போது ஒரு தீப்பெட்டி அளவு பொம்மையைக் காட்டிக்காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் குறுக்கே பேசவில்லை. அவன் முடித்த பிறகு வந்து, நல்ல தோள்மேல் கையை வைத்து, "அந்தப் பையன் பேர் என்னடா? அவன் அம்மா நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. வாங்கித் தரேன்."

அன்றைக்கே விதியை மாற்றினார்கள். பக்கத்தில் இருப்பவர் வெளியே போகாமல் நின்றால், சிக்கிக்கொண்டவருக்கு இரண்டாவது பகடை கிடைக்கும். ஆனால் நின்றவருக்கும் ஆபத்து உண்டு. அதை மகனும் அக்காவும் சேர்ந்தே வீடியோவாக எடுத்தார்கள். அவன் முகத்தைக் காட்டவில்லை, கையையும் குட்டி வண்டியையும் மட்டும் காட்டினார்கள். தோள் ஆறியதும் புதியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பிரிவுக்குப் போகக் கேட்டிருப்பதாக அவன் சொன்னான். கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தால் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று அக்காவிடம் துருவித் துருவிக் கேட்டான். "முதல் நாள் திட்டாத. ரெண்டாம் நாள்ளேர்ந்து திட்டு" என்றாள் அவள்.

மாலை வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. "அம்மா, நீங்க ஒரு ஆட்டம் ஆடுங்களேன்" என்று அச்சகக்காரர் பேச்சுக்குச் சொன்னார். சலவைக்கூட அம்மா உடனே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே பல் டாக்டர். அம்மா தன் படை முழுவதையும், ஒரு வண்டி பாக்கி இல்லாமல், மலைக்குப் பின்னால் கொண்டுபோய் அடுக்கினார். துணி மடித்து வைத்ததுபோல் அவ்வளவு நேர்த்தி.

"அம்மா, முன்னாடி வரணும். பாலத்தப் பிடிக்கணும்," என்றான் மகன்.

"எதுக்கு? இங்க நல்லாத்தான இருக்காங்க."

"போர்மா இது!"

"இருக்கட்டும். மழையா இருக்கு, ஆத்துல தண்ணி ஓடுது. ஒருத்தனும் வெளிய போகக் கூடாது."

பல் டாக்டர் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரே தன் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பாலத்தின்மேல் ஏற்றி மலையை நோக்கி வந்தார். பாலம் குறுகல், முதல் வண்டி அம்மாவின் பீரங்கியில் அடிபட்டதும் மற்றவை அதன் பின்னால் வரிசைகட்டி நின்றுவிட்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் திரும்ப முடியவில்லை. அம்மா இருந்த இடத்திலிருந்தே நிதானமாகப் பகடையை உருட்டினார். ஒவ்வொரு தடவை டாக்டருடைய வண்டி அடிபடும்போதும், "அந்தப் பிள்ளைங்க வெளிய வந்தாச்சா?" என்று கேட்டு, எதிரியின் வீரர்களுக்கும் சேர்த்து இரண்டாவது பகடை கொடுத்தார். நடுவர் அதற்குத் தடை சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்தபோது பல் டாக்டர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். மகன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்தால் தோள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். "எப்படிம்மா?" என்றான்.

"எப்படின்னா? போர்வையும் துண்டும் ஒரே நேரத்துல வந்து குவிஞ்சா நான் என்ன பண்ணுவேன்? அதுங்களே வரட்டும்னு இருப்பேன்." அம்மா மேசையைச் சுற்றி எல்லோரையும் பார்த்தார். "அடுத்த ஞாயிறு எத்தன மணிக்கு?"